தாமே பொருத்திய கணினி: உறுப்புத் தெரிவின் வரலாறு

விளையாட்டுக்கெனக் கணினியொன்றைத் தாமே பொருத்திக்கொள்ள விழையும் மாணாக்கர் இந்நாளில் அச்சுவேலியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உளர். அவர்தம் முதல் வினா ‘எந்தச் செயலி சிறந்தது?’ என்பதாகும். கனடாவிலோ இலண்டனிலோ இருந்து பணம் அனுப்பும் தமையனோ மாமனோ கேட்பதும் அதுவே. வினா எளிது, ஆயின் பிழைபட அமைந்தது. செயலி தனித்து நின்று சிறப்பதன்று. எத்தொழிலுக்கு, எவ்வுறுப்புக்களோடு, எத்துணை மின்னோடு என்னும் மூன்றும் தெரிந்த பின்னரே ‘சிறந்தது’ என்னும் சொல் பொருள்படும். இதனை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வீட்டிலிருந்து கணினி பொருத்தியோர் தம் கைப்பொருள் செலவிட்டு அறிந்தனர். அவ்வரலாற்றினையும், அது நம் குடாநாட்டை வந்தடைந்த வகையினையும் ஈண்டு நோக்குவாம்.

கடைத்தெருவிற் ‘புரோசசர்’ என வழங்குவதை நம் பாடநூல்கள் ‘முறைவழியாக்கி’ என்கின்றன. அச்சொல் நாவிற்குப் பாரமாயிருத்தலின் இக்கட்டுரையிற் ‘செயலி’ என்றே கொள்வாம். கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணித்து முடிப்பது அது. அஃது அமரும் பலகை தாய்ப்பலகை. அப்பலகையில் அது பொருந்தும் இடம் குதை. நினைவகம், திரைக்குரிய படங்களை வரையும் வரைவியல் அட்டை, தரவுகளைச் சேமிக்கும் தட்டு, மின்வழங்கி, இவற்றை அடக்கும் பெட்டி என்பன ஏனைய உறுப்புக்கள்.

நம் பக்கத்து நாட்டிலே கணினியைத் தாமே ஆக்கியோருள் முதற்கண் நினைக்கத்தக்கவர் பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார். சென்னையைச் சேர்ந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர் சிலர் 1950களின் நடுப்பகுதி தொடங்கி உழைத்து 1960இல் இயங்கச் செய்த டிஃப்ராக் என்னும் பொறி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது. அதன் நினைவகத்தில் அடங்கியவை 2,048 சொற்களே. ஒவ்வோர் உறுப்பும் ஆராய்ந்து தெரியப்பட்டதாயினும், அவ்வுறுப்புக்கள் ஒன்றோடொன்று இணையும் விதி அப்பொறிக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அதிலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றிப் பிறரொருவர் ஆக்கிய உறுப்பை அவ்விடத்தில் வைத்தல் இயலாது. அவ்விணைப்பு விதி பலர்க்கும் பொதுவான நாளிலேதான் வீட்டுக் கணினியின் வரலாறு தொடங்குகின்றது.

அந்நாள் வந்த வகை இது. 1971 நவம்பரில் இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. 1974இல் அதே நிறுவனத்தின் 8080 வந்தது. அதனைக் கொண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே எட் றொபேட்ஸ் என்பார் அல்ரெயர் 8800 என்னும் பொறியை வகுத்தார். 1975 சனவரியிற் ‘பொப்புலர் இலெக்ரோனிக்ஸ்’ என்னும் இதழின் அட்டையை அது அணிசெய்தது. பொறியின் விலை 397 டொலர். அதனுள்ளிருந்த செயலியை மட்டும் தனியே வாங்கப் புகின் பட்டியல் விலை 360 டொலர்! பெருந்தொகையாக வாங்கியதனால் றொபேட்ஸ் மலிவாகப் பெற்றார். அம்மலிவு வாங்குவோர்க்கும் சென்றது. வந்து சேர்ந்ததோ முடிந்த பொறியன்று. உறுப்புக்கள் நிறைந்த பொதி. பற்றாசு பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும். ஒட்டி முடித்த பின்னரும் விசைப்பலகை இல்லை, திரை இல்லை. நினைவகம் 256 பைற்று. முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழும் தட்டிக் கட்டளை கொடுக்கவேண்டும்; சிறு விளக்குகள் எரிந்தும் அணைந்தும் விடை காட்டும்.

இத்தகைய பொறியை எவர் விரும்புவர் என்று இன்று எண்ணத் தோன்றும். ஆயின் அதன் உள்ளே அட்டைகள் செருகுதற்கு நூறு முனைகள் கொண்ட குதைகள் இருந்தன. எம்முனையில் எது வரும் என்பது வெளிப்படையாகத் தெரிந்தமையின் ஏனையோரும் நினைவக அட்டைகளையும் திரைக்குரிய அட்டைகளையும் ஆக்கி விற்கத் தொடங்கினர். வாங்குவோன் ஒருவரிடம் பொறியையும் மற்றொருவரிடம் நினைவகத்தையும் தெரிந்து வாங்கும் நிலை இவ்வாறு தோன்றியது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் கலிபோணியாவின் மென்லோ பார்க்கில், கோடன் பிரெஞ்சு என்பாரது மோட்டார்க் கொட்டிலிற் கூடிய கழகமே ‘ஹோம்புறூ’ கணினிக் கழகம். அங்கு வந்தோருள் ஒருவர் ஸ்ரீவ் வொஸ்னியாக். அவர் 8080ஐத் தெரியவில்லை. 1975இல் மொஸ் ரெக்னோலஜி என்னும் நிறுவனம் 6502 என்னும் செயலியை 25 டொலருக்கு விற்றது. ஏனைய செயலிகள் நூற்றுக்கணக்கான டொலர் விலைபோன அந்நாளில் இவ்விலையை ஏமாற்று என்றே பலர் ஐயுற்றனர். வொஸ்னியாக் அதனை வாங்கி, அதற்கேற்பப் பொறியை வகுத்தார். அதுவே ஆப்பிள் நிறுவனத்தின் முதற் பொறியாயிற்று. 1976இல் அதன் விலை 666.66 டொலர். அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் பொறியின் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. பந்தடித்துச் செங்கற் சுவரை உடைக்கும் ‘பிறேக்கவுட்’ என்னும் விளையாட்டை வொஸ்னியாக் முன்னர் அற்றாரி நிறுவனத்துக்கென வன்பொருளாகவே வகுத்திருந்தார். அவ்விளையாட்டை மென்பொருளாக எழுதி ஆடிக் காட்டவேண்டும் என்னும் விருப்பினாலேயே இரண்டாம் ஆப்பிளில் நிறமும் ஒலியும் ஆட்டப்பிடிகளுக்குரிய குதையும் சேர்த்ததாக அவரே கூறியுள்ளார். எனவே ‘விளையாட்டுக் கணினி’ பிற்காலத்துச் செல்வப் பிள்ளைகளின் ஆடம்பரம் என எண்ணுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. எதனை ஆடப்போகின்றோம் என்பதைத் துணிந்து பின்னர் உறுப்பைத் தெரிதல் இத்துறையின் மூத்த வழக்கு.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்றையும் சுருங்கக் கூறுவாம். 1981இற் கிளைவ் சிங்ளேயர் வெளியிட்ட ஸெட்.எக்ஸ். 81 என்னும் சிறு கணினி பொருத்தியதாயின் 69.95 பவுண், உறுப்புப் பொதியாயின் 49.95 பவுண். இருபது பவுண் வேறுபாட்டுக்காக வீட்டு மேசைகளிற் பற்றாசு பிடித்தோர் மிகப் பலர். அதன் நினைவகம் ஒரு கிலோபைற்றே. 16 கிலோபைற்றுப் பொதியொன்றைப் பின்புறத்தில் தனியே செருகலாம். அச்செருகலோ தளர்ந்தது. விசையைச் சற்று அழுத்தித் தட்டினாற் பொதி அசையும். அசைந்தாற் பொறி நினைவிழக்கும். பல மணிநேரம் தட்டிய நிரல் மறையும். நல்ல செயலி, போதிய நினைவகம், இரண்டுக்குமிடையே தளர்ந்த இணைப்பு. கணினியின் குற்றம் உறுப்புக்களைப் பார்க்கிலும் அவற்றின் இணைப்புக்களில் மிகுதி என்பதைப் பிரித்தானியச் சிறுவர் கண்ணீருடன் கற்ற காலம் அது.

இன்று நாம் பொருத்தும் கணினியின் நேர்மூதாதை 1981 ஆகத்திலே ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினி. விரைந்து முடிக்கவேண்டியிருந்தமையால் அந்நிறுவனத்தார் சந்தையிற் கிடைத்த உறுப்புக்களைக் கொண்டே அதனை ஆக்கினர். செயலி இன்ரெலின் 8088. பொறியின் அமைப்பு விளக்கத்தையும் நூலாக வெளியிட்டனர். பிறர் படியெடுத்தற்குத் தடையாயிருந்தது, பொறியைத் துயிலெழுப்பும் அடிப்படைக் கட்டளைத் தொகுதி ஒன்றே. அதனைக் கொம்பாக் முதலியோர் படியெடாது புதிதாகத் தாமே எழுதிக்கொண்டனர். தடை நீங்கியது. ஐ.பி.எம். விதித்த மற்றொரு நிபந்தனையும் பெரும்பயன் தந்தது: இச்செயலியை ஆக்குவோர் ஒருவராயிருத்தல் கூடாது என்றனர். அதனால் 1982இல் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் இன்ரெலின் வகுப்புக்களை ஆக்கும் உரிமை பெற்றது. பின்னர் இன்ரெல் அவ்வுரிமையை மறுக்க, வழக்காடு மன்றங்களில் ஆண்டுகள் பல கழிந்தன. 1991இல் ஏ.எம்.டி.யின் 386 செயலி வந்தது. இவ்வழக்குகள் இல்லையேல் இன்றும் கடையில் ‘இதுவா, அதுவா?’ எனக் கேட்டற்கு இடமிராது. இருப்பதைக் கொள்வதன்றி வேறு வழியில்லாதிருக்கும்.

1995ஐ அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைத் தெரிவோரின் பொற்காலம் எனலாம். ‘ஏழாம் குதை’ எனப்பட்ட ஒரே குதையிலே இன்ரெலின் பென்ரியம், ஏ.எம்.டி.யின் கே5, கே6, சைரிக்ஸ் என்னும் நிறுவனத்தின் 6x86 என்பன யாவும் அமர்ந்தன. தாய்ப்பலகை ஒன்று, அதன்மேல் அமரத்தக்கோர் மூவர். இத்தகைய நிலை பின்னர் மீளவில்லை. அக்காலத்து நிகழ்ச்சியொன்று செயலி தெரிவோர் அனைவரும் அறிந்திருக்கத் தக்கதாதலின் அதனைச் சற்று விரித்துரைப்பாம்.

சைரிக்சின் செயலி ஒன்று 150 மெகாகேட்சு வேகத்தில் இயங்கியது. ஆனால் அதன் பெயர் ‘பி200+’. 200 மெகாகேட்சுப் பென்ரியத்துக்கு நிகர் என்பது கருத்து. கடிதம் எழுதுதல், கணக்கேடு வைத்தல் முதலாய அலுவலகத் தொழில்களை வைத்து அளந்தபோது அக்கூற்று உண்மையாகவே இருந்தது, விலையும் குறைவு. ஆதலின் பலர் வாங்கினர். 1996இன் நடுவிற் ‘குவேக்’ என்னும் விளையாட்டு வந்தது. முப்பரிமாண உலகைத் தூரத்துக்கேற்பச் சிறுத்தும் பெருத்தும் காட்டும் அவ்விளையாட்டு, திரையின் பதினாறு புள்ளிக்கு ஒருமுறை தசம எண்களை வகுக்கவேண்டும். பென்ரியத்திலே தசமக் கணிதப் பகுதி அவ்வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே முழுவெண் பகுதி அடுத்த புள்ளிகளை வரைந்து செல்லும்; விளையாட்டை எழுதியோர் இவ்வொத்தியக்கத்தை நம்பியே எழுதினர். சைரிக்சின் முழுவெண் பகுதி விரைவுடையது. தசமப் பகுதியோ மெலிந்தது. விளைவு, ‘200’ எனப் பெயர்பெற்ற செயலி குவேக்கில் அதனிலும் மிகக் குறைந்த எண்ணுடைய பென்ரியங்களுக்குப் பின்னே தள்ளாடியது. பெயரிலிருந்த எண் பொய்யன்று. வேறொரு தொழிலுக்குரிய மெய். அந்நிறுவனம் 1997இல் ஒருவருக்கும் 1999இல் மற்றொருவருக்கும் கைமாறி மறைந்தது. அதன் வீழ்ச்சிக்கு ஒரு விளையாட்டே காரணம் என்பார் உளர். அஃது மிகைக் கூற்றென்றே யாம் கருதுகின்றோம். ஆயினும் விளையாடுவோரிடத்து அதன் பெயரைக் கெடுத்தது குவேக் என்பதில் ஐயமில்லை.

1997இல் இன்ரெல் பென்ரியம் 2ஐப் பிறர் புகவியலாத புதியதொரு செருகிடத்தில் அமைத்தது. அன்று பிரிந்த குதைகள் இன்றுவரை பிரிந்தே உள்ளன. செயலியைத் தெரிபவர் அதனுடன் தாய்ப்பலகையையும் தெரிகின்றார் என்னும் நிலை அவ்வாறு வந்தது. 1998இல் வந்த செலரன் 300ஏ என்னும் மலிவுச் செயலியை மட்டும் கூறிச் செல்வாம். முதலில் வந்த செலரன்களில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம், அதாவது அடிக்கடி வேண்டும் தரவுகளைச் செயலியின் அருகிலேயே வைத்திருக்கும் சிறு களஞ்சியம், அறவே இல்லை; அவை எள்ளப்பட்டன. 300ஏயில் 128 கிலோபைற்று மட்டும் சேர்த்தனர். ஆனாற் செயலியின் உள்ளேயே, அதன் முழு வேகத்தில். பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாகேட்சுக்கு மாற்றினால் அது 450இல் ஓடிற்று. தன்னிலும் பன்மடங்கு விலையுள்ள செயலிகளோடு விளையாட்டிலே தோளுரசிற்று. களஞ்சியத்தின் அண்மையே விளையாட்டில் வேகம் என்னும் அவ்வுண்மையைத்தான் 2022 ஏப்பிரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி மீண்டும் மெய்ப்பித்தது. அதன் துடிப்பு தன் உடன்பிறப்பினும் குறைவு, மேலே அடுக்கிய பதுக்கு நினைவகத்தோடு சேர்த்து 96 மெகாபைற்று, விளையாட்டிலோ முந்தியது.

இனி நம் நாட்டுக்கு வருவாம். ஏ.எம்.டி.யின் 386 வந்த 1991, பென்ரியமும் ‘டூம்’ விளையாட்டும் வந்த 1993, ஏழாம் குதையின் 1995, குவேக்கின் 1996 என்னும் ஆண்டுகளை இதுவரை எண்ணி வந்தோம். அதே ஆண்டுகளைக் குடாநாட்டின் நாட்காட்டியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின் அற்றது. எரிபொருள், உலர்மின்கலம், மின்னுபகரணங்கள் முதலியன வடக்கே வருதல் தடைப்பட்டது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் அப்பாலும் பெயர்ந்தனர்; வலிகாமம் கிழக்கிலுள்ள அச்சுவேலியும் அதற்கு விலக்கன்று. 1996இல் மீண்டோர் கண்டவை சிதைந்த கூரைகள். உலகிலே தாமே உறுப்புத் தெரிந்து கணினி பொருத்துதல் மிக எளிதாயிருந்த ஐந்தாறு ஆண்டுகளே நம் இளைஞர்க்கு ஒரு சோடி உலர்மின்கலமும் கிடையாத ஆண்டுகளாயின.

அச்சுவேலிக்கு இயந்திரம் அயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ச. தம்பிமுத்துப்பிள்ளையின் ஞானப்பிரகாச யந்திரசாலை இவ்வூரிலிருந்து நூல்களை அச்சிட்டது. பின்னாளிற் கைத்தொழிற்பேட்டையும் இங்கு அமைந்தது. போரினால் அழிந்த அது இந்திய அரசின் உதவியுடன் 2014இல் மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இருண்ட காலத்திலும் கைகள் சும்மாவிருக்கவில்லை. மோட்டார்ச் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவினால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். இதனை ஏழ்மையின் வேடிக்கையாகக் கூறுவோர் அதிலுள்ள பொறியியலை நோக்குவதில்லை. தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். ஆதலின் இருவாயி வேண்டும். தைனமோவின் அழுத்தம் சுழற்சிக்கேற்ப ஏறி இறங்கும். ஆதலின் அதனைச் சமன்செய்யக் கொள்ளளவி வேண்டும். வானொலி மூன்று வோல்ற்றினதா ஆறு வோல்ற்றினதா என்பதையும் அறிதல் வேண்டும். பழைய வானொலிகளைப் பிரித்தெடுத்த உறுப்புக்களே கைவசம் உள்ளவை. உறுப்பு, இணைப்பு, மின் என்னும் மூன்றையும் ஒருங்கு நோக்கும் இக்கலையே கணினி பொருத்துவோனுக்கும் வேண்டுவது. அக்கலை அறிந்த தலைமுறையொன்றுக்குக் கணினி மட்டும் வாய்க்கவில்லை.

2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தது. பாரவூர்திகளிற் கணினிகளும் வந்தன. பெரும்பாலானவை கொழும்பிற் பொருத்தியவை. பம்பலப்பிட்டியிலுள்ள யூனிற்றி பிளாசாவின் பெயர் இங்குள்ள இளைஞர்க்கும் பழகிற்று. அக்காலத்து வாங்குவோர் முன்னிருந்த வினா, பென்ரியம் 4ஆ, அத்லன் எக்ஸ்.பி.யா என்பது. சைரிக்சைப் போலவே ஏ.எம்.டி.யும் உண்மைத் துடிப்பினும் உயர்ந்த எண்ணைப் பெயராக வைத்தது. 1333 மெகாகேட்சில் ஓடியதற்கு ‘1500+’ என்று பெயர். முன்னர் ஏமாந்தோர் இதனையும் ஐயுற்றது இயல்பே. ஆயின் இம்முறை அவ்வெண் பெரிதும் நேர்மையானது. ஒரு துடிப்பில் முடித்த வேலை அத்லனில் மிகுதி. பென்ரியம் 4இல் துடிப்பு மிகுதி, ஒரு துடிப்பிற்குரிய வேலை குறைவு, வெப்பமும் மிகுதி. நான்கு கிகாகேட்சை எட்டும் திட்டத்தை 2004இல் இன்ரெல் கைவிட்டது. 2006 யூலை இறுதியில் அந்நிறுவனமே வெளியிட்ட கோர் 2, குறைந்த துடிப்பில் மிகுந்த வேலை செய்து தன் முன்னோரை நாணச் செய்தது. அச்செய்தி இங்கு எட்டுமுன்னரே, ஆகத்து 11இல், ஏ9 வீதி மீண்டும் மூடுண்டது. கப்பலில் அரிசி வருமா என்று காத்திருந்தோர்க்குச் செயலியைப் பற்றி எண்ண நேரமில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2013இல் நாட்டின் மின்வலையமைப்பு சுன்னாகம்வரை மீண்டும் எட்டியது. எனினும் தடை என்பது படையினராலும் வீதி மறியலாலும் மட்டும் வருவதன்று. 2020இன் பின்னர் உலகெங்கும் வரைவியல் அட்டைகளுக்குப் பஞ்சம் வந்தது. நோய்க்காலத்தில் வீட்டிலிருந்தோர் வாங்கியமையும், மறைக்குறி நாணயம் அகழ்வோர் அள்ளிச் சென்றமையும் காரணங்கள். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360ஐ அண்மியது. 300 டொலர்ச் செயலி வரி சேர்க்குமுன்னரே 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவாயிற்று. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. பணமும் பொறியும் உடையவனும் அந்நாட்களில் ஆடியிருக்க முடியாது.

இவ்வரலாற்றை அறிந்தவன் இன்று கடைக்குச் செல்வானாயின் எதனை முதலிற் கேட்பான்? தன் திரையை நோக்குவான் என்க. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பதாயின் ஒரு படத்துக்குரிய காலம் 16.7 மில்லிவிநாடி, 144 முறையாயின் ஏறத்தாழ 6.9. செயலி ஒவ்வொரு படத்துக்கும் எவர் எங்கு நிற்கின்றார், எது எதனை மோதிற்று எனக் கணித்து வரையவேண்டியவற்றின் பட்டியலைக் கொடுக்கும். வரைவியல் அட்டை அதனை வரையும். செயலிக்கு 8 மில்லிவிநாடியும் அட்டைக்கு 15 மில்லிவிநாடியும் செல்வதாகக் கொள்வோம். செயலிக்கு இரட்டிப்பு விலை கொடுத்து 8ஐ 4ஆகக் குறைப்பினும் ஆடுவோன் காண்பது அதே 15 தான். அட்டை மெலிந்தவிடத்துச் செயலியிற் செலவிட்ட பணம் கிணற்றிலிட்ட கல். இதற்கு மறுதலையாக, நூற்றுக்கணக்கான படைவீரரை ஒருங்கே நகர்த்தும் போர்த்தந்திர விளையாட்டுக்களிலும், குறைந்த நுணுக்கத்தில் விரைவொன்றே நாடி ஆடும் சுடுகலன் போட்டிகளிலும் செயலியே தளையாகும். ஆங்கு அட்டையிற் கொட்டும் பணம் வீண். ஆகவே ஆடப்போகும் விளையாட்டின் பெயரைக் கேளாது செயலியின் பெயரைச் சொல்லும் கடைக்காரரை நம்புதற்கில்லை.

அடுத்து நோக்கவேண்டியது குதையின் ஆயுள். 2017இல் ரைசனுடன் பரவிய ஏ.எம்.4 குதைப் பலகைகள் பலவற்றில், அடிப்படைக் கட்டளைத் தொகுதியைப் புதுப்பித்து, 2022இன் 5800எக்ஸ்3டியையும் அமர்த்த முடிந்தது. ஐந்தாண்டு ஒரு பலகை. இத்துணை நீண்ட ஆயுள் இத்துறையில் அரிது. ஒருமுறைக்கு மேற் பணம் கேட்க நாணும் வீட்டுப் பிள்ளைக்கு, இன்று நூற்றுக்கு ஐந்து விரைவு மிகுந்த செயலியைக் காட்டிலும் நாளை மற்றொன்றை ஏற்கும் பலகையே நன்று.

மின்வழங்கியை எல்லோரும் கடைசியில், எஞ்சிய பணத்துக்கு வாங்குகின்றனர். இவ்வழக்கம் நம் ஊருக்கு மிகவும் ஆகாதது. மின் அற்று மீளும் ஒவ்வொரு முறையும் அடிபடும் உறுப்பு அதுவே. அது பழுதுபட்டால் தன்னோடு பிறவற்றையும் கொண்டுபோகும். தடையிலா மின்வழங்கி வாங்குவோர் அதன் மேலெழுதிய 650 என்னும் எண்ணை வாற்று என மயங்குகின்றனர். அது வோல்ற்று-அம்பியர், வாற்றிலே பெரும்பாலும் 400க்குக் குறைவு. 2020இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3080 அட்டை ஒன்றே 320 வாற்றுக் கொள்வது. செயலியும் திரையும் சேர்ந்தாற் பொறியைச் சேமித்து மூடுதற்கும் நேரமிராது. வலிகாமத்துச் செம்மண் புழுதியைப் பற்றியும் ஒரு சொல்: விசிறியின் முன்னே கழற்றிக் கழுவத்தக்க வலை இல்லாத பெட்டி எத்துணை ஒளி உமிழினும் வேண்டுவதன்று.

பணம் குறைந்தோர் இந்நாளில் நாடுவது, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கணினிகளை. செயலி நல்லது, விலை மலிவு. ஓர் அட்டை செருகினால் விளையாட்டுக் கணினி ஆகிவிடும் என்பது எண்ணம். பெரும்பாலும் உண்மையே. ஆனால் இவற்றிற் பல, பொது விதியைக் கைவிட்டுத் தமக்கெனத் தனி இணைப்புக்களை உடையன. மின்வழங்கியிலிருந்து பலகைக்குச் செல்லும் செருகியில் வழக்கமான 24 முனைகள் இரா. சிலவற்றில் ஆறு, சிலவற்றிற் பத்து. மின்வழங்கியின் வலு 200 வாற்றை அடுத்தது. பெட்டி ஒடுங்கியதாயின் அரை உயர அட்டையே புகும். பலகையின் செருகிடம் தானே தரக்கூடியது 75 வாற்று ஆதலின், அதற்கு மேல் வேண்டாத அட்டையையே தெரிதல் வேண்டும். 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650 வகையில் அத்தகையன உண்டு. பெரிய மின்வழங்கி வைக்க விரும்புவோர்க்கு முனைமாற்றிக் கம்பிகள் குறைந்த விலையில் விற்கின்றனர். எல்லா நிறுவனத்தாரின் பத்து முனைகளும் ஒரே ஒழுங்கில் அமைவதில்லை. வாங்கிய கம்பியைப் பலகையிற் செருகுமுன், மின்வழங்கியை மட்டும் இயக்கி ஒவ்வொரு முனையையும் பன்மானியால் அளந்து, பலகைக்குரிய விளக்கப்படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளல் வேண்டும். பத்து நிமிட வேலை.